முறைச் சொந்தம்

எங்கள் இல்லத்தில் சேருவதற்கு ஒரே ஒரு தகுதி போதும். உங்களுக்கு யாரும் இருக்கக் கூடாது. பணம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஆனால் மகன், மகள், மனைவி, ஒன்றுவிட்ட தம்பி என்று யாராவது ஒரு ஆள் எங்கேயாவது உயிரோடு இருப்பதாகத் தெரிந்தால், வாசலோடு சரி.

தேவாலயத்துக்குப் பின்னால், முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்த நீளமான கட்டடம் அது. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், நடுவில் மருந்து அறை, கோடியில் என் சமையலறை, அதற்கும் பின்னால் சலவைக் கொட்டகை. பெரிய ஆஸ்பத்திரி கைவிரித்து அனுப்பியவர்களை ஆம்புலன்ஸ்காரர்களே கொண்டுவந்து எங்கள் கேட்டில் இறக்கிவிட்டுப் போவார்கள். புழு வைத்த புண்ணோடு வருகிறவர்களை, இல்லத்தை நடத்துகிற மேட்ரனம்மா தானே உட்கார்ந்து கழுவுவார். ஒரு தடவைகூட அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். போகப் போக எனக்கு அவர் மேல் கோபம் வரும், கோபம் வந்தபின் நியாயமாகப் பேச எனக்கு வராது.

அந்தச் சட்டமும் சும்மா வந்ததில்லை. ஆரம்பத்தில் யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மாடி வீட்டு மகராசன்கள் பெற்ற தாயைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அவள் செத்த பிறகு அதே காரில் பூவும் கையுமாக வந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நாதியே இல்லாதவன் கேட்டுக்கு வெளியே கிடந்தான். சபைக் கமிட்டி கூடிப் பேசி, ஆள் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தது. தப்பென்று யார் சொல்ல முடியும்?

கூடவே இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு. அது வேறு எங்கும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. ஒருவருக்குக் கடைசி நேரம் நெருங்கிவிட்டதென்று தெரிந்தால், வேலையாட்களில் ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அம்மா என்று கூப்பிட்டாலும், தம்பி என்று கூப்பிட்டாலும், செத்துப்போன யாரோ ஒருத்தியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், "இருக்கேன்" என்று பதில் சொல்ல வேண்டும். கல்லறையில் போதகர், "இவருக்கு உறவு யார்?" என்று கேட்பார். "நான்தான்" என்று சொல்லி முதல் பிடி மண் போட வேண்டும். டிரைவர், தோட்டக்காரர், நர்ஸ், நான் என்று ஆளுக்கொரு முறையாக இது சுற்றி வரும். முறைச் சொந்தம் என்று இதற்குப் பேர்.

யாரும் அநாதையாகச் சாகக் கூடாதென்று பழைய போதகர் ஆரம்பித்து வைத்தாராம். நல்ல மனுஷன். ஆனால் எனக்கு வாய் நீளம், நான் சொல்லத்தான் செய்வேன்: வரும்போது சொந்தம் இருக்கக் கூடாது, போகும்போது இல்லாமல் இருக்கக் கூடாது. இது என்ன கணக்கோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

சட்டம் எப்படிக் கடிக்கும் என்பதை நாங்கள் தையல்காரம்மா விஷயத்தில் பார்த்தோம். கண் தெரியாத கிழவி. ஒருநாள் அவளுடைய அக்கா மகன், லாரி கழுவுகிறவன், ஊரெல்லாம் தேடிக் கடைசியில் இங்கே கண்டுபிடித்து வந்துவிட்டான். ஒரு பை ஆரஞ்சுப் பழம். "சித்தி, சித்தி" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். கூடமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. மறுநாள் காலையில் மேட்ரனம்மா தையல்காரம்மாவின் துணிகளை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டார். அவன் படுப்பதே லாரிக்கு அடியில். எங்கே கொண்டுபோய் வைப்பான்? மழைக்காலம் முடிவதற்குள் ஒரு கடை வாசலில் அவள் போய்ச் சேர்ந்தாள் என்று டிரைவர் வந்து சொன்னான். அன்று முதல் எங்கள் கூடத்தில், பழப்பையோடு யாராவது கேட்டில் நின்றால் ஒவ்வொருவரும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள்.

இந்தச் சமயத்தில்தான் மேஸ்திரி வந்து சேர்ந்தார். கட்டட மேஸ்திரி. சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போய், முதுகெல்லாம் படுக்கைப் புண். உடம்பு பாதிதான் இருந்தது, வாய் மட்டும் முழுசாக இருந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இதப் பூசினவன் கண்ணத் தொறந்துக்கிட்டுப் பூசியிருக்க மாட்டான்" என்பார். என் கஞ்சியைக் குடித்துவிட்டு, "சமையலம்மா, சிமெண்ட் கொஞ்சம் தூக்கல்" என்பார். நான் கரண்டியை ஓங்குவேன். கூடம் சிரிக்கும். சாவு எந்தக் கட்டிலில் இறங்கலாமென்று பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் சிரிப்பு பெரிய விஷயம்.

அவர் வந்து கொஞ்ச நாளில் சலவைக்கு ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். தனி ஆள் என்று சொல்லித்தான் சேர்ந்தாள். தனி ஆளாக இருந்தால்தான் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் படுக்க இடம் கிடைக்கும். ஐம்பது தாண்டியவள், ஒல்லி, பேச்சு குறைவு. அவள் விரிப்பு மாற்றக் கூடத்துக்குள் நுழைந்தால் போதும், மேஸ்திரி ஆரம்பித்துவிடுவார்.

"மகாராணி வந்தாச்சு, எல்லாரும் எழுந்து நில்லுங்க!"

"எழுந்து நிக்கிற ஆளப் பாரு" என்று அவள் முணுமுணுப்பாள். கிழவனுக்கு இந்த வயதில் குறும்பு என்று எல்லோரும் நினைத்தோம். மகாராணி என்ற பேர் எங்கள் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. மேட்ரனம்மாவே சில நேரம் அப்படிக் கூப்பிடுவார்.

புதன்கிழமை தோறும் இல்லவாசிகளுக்கு ஆளுக்கொரு அவித்த முட்டை உண்டு. வேலையாட்களுக்குக் கிடையாது. ஒரு புதன்கிழமை மேஸ்திரி முட்டையில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தலையணை உறைக்குள் சொருகுவதை என் கண்ணால் பார்த்தேன். நாற்றம் பிடிக்கும், எறும்பு வரும், புண்ணில் ஏறும். நன்றாக நாலு கேட்கலாமென்று பாத்திரத்தை இறக்கிவிட்டுப் போவதற்குள் மகாராணி வந்து உறைகளையெல்லாம் உருவி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். கொட்டகைக்குள், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அந்தப் பாதி முட்டையை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"நோயாளி முட்டையத் திருடித் திங்கிறியா? வெக்கமா இல்ல?"

அவள் திரும்பவில்லை. "திருடலக்கா. அவர் குடுத்தது."

அவர் என்று ஒரு பெண் எத்தனையோ விதமாகச் சொல்லலாம். அவள் சொன்ன விதத்துக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்ல ஆள் இருந்தது.

"அடிப்பாவி" என்றேன்.

அவளே சொன்னாள். ஆஸ்பத்திரி அனுப்பிவிட்டது. வாடகை கொடுக்காததால் வீட்டுக்காரன் சாமானைத் தெருவில் வைத்துவிட்டான். பஸ் நிலையத்தில் அவரைப் படுக்கவைத்து, இவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டினாள். புண்ணுக்குள் புழு வந்த பிறகுதான் யாரோ இந்த இடத்தைச் சொன்னார்களாம்.

"கேட்டுல கொண்டுவந்து விட்டுட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டேன். பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி. மேட்ரனம்மா வந்து யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. 'எனக்கு யாரும் இல்லீங்க'ன்னாரு. அப்படிச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்ததே நான்தான். ஆனா காதுல விழுந்தப்ப, கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சுக்கா."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்பிலும் சோடாவிலும் ஊறி வெந்துபோன கை. "வெளிய தெரிஞ்சா அவரத் தூக்கி ரோட்டுல போட்டுருவாங்க. ஆஸ்பத்திரியும் கிடையாது, வீடும் கிடையாது. என் கையாலயே அவரச் சாகடிச்ச மாதிரி ஆயிடும். சொல்லிராதீங்கக்கா."

நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய் சொல்லி ஒரு கட்டிலைப் பிடித்திருக்கிறார்களே என்று ஒரு பக்கம் கோபம். ஏனென்றால் வாரம் தவறாமல் யாரையாவது கட்டில் இல்லையென்று திருப்பி அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். கட்டின பெண்டாட்டியை வைத்துக்கொண்டு ஒருவன் அநாதை வேஷம் போட வேண்டியிருக்கிறதே என்று மறுபக்கம் அதைவிடப் பெரிய கோபம். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மேட்ரனம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அம்மா, ஒருத்தருக்குப் பொண்டாட்டி இருக்கு. ஆனா அவளுக்கே ஒதுங்க இடமில்லேன்னு வச்சுக்குங்க. அப்பவும் சேத்துக்க மாட்டீங்களா?"

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னை ஏறிட்டுப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. "வாசலுக்கு வர்ற எல்லார்கிட்டயும் ஒரு கதை இருக்கு, சமையலம்மா. பாதிக்கு மேல உண்மைதான். என்கிட்ட கட்டில்தான் இல்ல. அவருக்கு ஈ ஓட்டவாவது ஒருத்தி இருக்கா. அதுவும் இல்லாதவன நான் எங்க அனுப்பறது?"

அந்தக் கோபத்தை அன்றைக்கு அம்மிக்கல்லில் காட்டினேன்.

குளிர் தொடங்கியதும் மேஸ்திரிக்குச் சிறுநீரில் சீழ் பிடித்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. சுவரைப் பற்றிய பேச்சு நின்றது. என் கஞ்சியைக் குறை சொல்வதும் நின்றது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மகாராணி முன்னைவிட அதிகமாக விரிப்பு மாற்ற வந்தாள். நனையாத விரிப்பையும் உருவினாள். அவர் நெற்றியைத் தொடுவதற்கு அவளுக்கு அது ஒன்றுதான் சாக்கு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேட்ரனம்மா சமையலறைக்கு வந்து, "மேஸ்திரிக்கு இன்னைக்குத் தாண்டாது. முறை உங்களுது" என்றார்.

"அம்மா, அடுப்புல வேல கெடக்கு. எனக்குப் பதிலா மகாராணிய உக்கார வைங்களேன். நல்லாப் பாத்துக்குவா."

"முறைய மாத்தக் கூடாது. மாத்தினா என்ன ஆகும் தெரியுமில்ல? சிரிச்சுப் பேசினவங்க பக்கத்துல உக்கார எல்லாரும் வருவாங்க. நாறிக் கெடக்கிறவங்களுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. வாங்க."

அதிலும் நியாயம் இருந்தது. இந்த அம்மாவின் நியாயங்களை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றில் போட வேண்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

தேவாலயத்தில் மறுநாள் ஆராதனைக்குப் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரே வரியைத் தப்புத் தப்பாகத் திரும்பத் திரும்பப் பாடினார்கள். போதகர் கட்டிலின் கால்மாட்டில் வேதாகமத்தோடு நின்றார். மேட்ரனம்மா நாடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மேஸ்திரியின் கையைப் பிடித்தேன். வாசற்படியில் மகாராணி. இடுப்பில் துவைத்த விரிப்பு மூட்டை. உள்ளே வரவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"இவளே" என்றார் மேஸ்திரி.

மகாராணி என்ற கேலி இல்லை, வாங்க போங்க இல்லை. வீட்டுக்குள் கூப்பிடுகிற குரல். என் முறை. நான் சொல்ல வேண்டும். "இருக்கேங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "சமையலம்மா, நீங்க இல்ல. அவள வரச் சொல்லுங்க."

"யாரு ஐயா அவ?" மேட்ரனம்மா குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"இங்கதான இருப்பா. துணி..."

"காய்ச்சல்ல ஏதோ உளர்றாரும்மா" என்று குறுக்கே விழுந்தேன். மேட்ரனம்மா நிமிர்ந்துவிட்டார். அவர் பார்வை வாசற்படிக்குப் போனது.

மகாராணி மூட்டையைக் கீழே வைத்தாள். நடந்து வந்தாள். என் கையிலிருந்து அவர் கையை வாங்கிக்கொண்டு தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஆனது ஆகட்டும் என்று துணிந்தவளின் முகம் அது. "இருக்கேன். இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல."

பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இவர உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் மேட்ரனம்மா.

அவள் திரும்பினாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் திறந்தாள். அதற்குள் மேஸ்திரியின் கண் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவு எங்கிருந்து வந்ததோ. அவளைப் பார்த்தார். அவள் தலைக்கு மேலே நின்ற மேட்ரனம்மாவைப் பார்த்தார். எங்கே கிடக்கிறோம், யார் முன்னால் வாய் தவறினோம் என்பதெல்லாம் அவருக்கு விளங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

"இல்லீங்கம்மா" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "இந்தம்மா துணி தொவைக்கிறவங்க. பாவம், எனக்காகச் சும்மா சொல்றாங்க. எனக்கு யாரும் இல்லீங்க."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. போதகர் ஜெபிக்க ஆரம்பித்தார். பாதி ஜெபத்திலேயே மூச்சு நின்றுவிட்டது.

வாய்தான் அப்படிச் சொன்னது. விரல்கள் அவள் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தன. நானும் அவளும் சேர்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மேட்ரனம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். பார்த்தாரா, பார்க்கக் கூடாதென்று திரும்பிக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "மகாராணி, விரிப்பெல்லாம் எடுத்துட்டுப் போய்த் தொவைச்சிரும்மா. கேட்டுல ஒருத்தர் காத்திருக்காரு" என்றார்.

சாயங்காலமே அடக்கம். சபையார் செலவில் நல்ல பெட்டி. அதில் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பாட்டுப் பயிற்சிக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் வந்து பாடினார்கள், இந்தத் தடவை தப்பில்லாமல். போதகர் நிஜமாகவே கலங்கியிருந்தார். குழியருகே நின்று, "இவருக்கு உறவு யார்?" என்று கேட்டார்.

எத்தனையோ தடவை சொன்ன பதில்தான். கட்டினவள் அங்கே ரத்தமும் சீழும் பட்ட விரிப்பைக் கசக்கிக்கொண்டிருக்க, நான் இங்கே நிற்கிறேன். போதகர் காத்திருந்தார்.

"நான்தான்" என்றேன். மண்ணை அள்ளிப் போட்டேன். ஈர மண். நகத்துக்குள்ளெல்லாம் ஏறிவிட்டது.

திரும்பி வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனேன். கொடியில் விரிப்புகள் வரிசையாகத் தொங்கின. மேஸ்திரியின் கட்டிலில் அதற்குள் வேறு ஒருவர் படுத்தாகிவிட்டது. மகாராணி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, அவருடைய தலையணை உறையை உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் இல்லை. கஞ்சித் தண்ணீர்கூட இறங்காத மனுஷன், கடைசி வாரம் முட்டைக்கு எங்கே போவார்?

"மண்ணு போட்டீங்களா?"

"போட்டேன்."

"உறவு யாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? நான்தான்னு சொன்னேன்."

அவள் என் கையை இழுத்து, நகத்துக்குள் இருந்த மண்ணைத் தன் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க எனக்குச் சக்களத்தி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. வாயைப் பொத்திய கையையும் மீறி அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. சலவைக்காரி ஒருத்தி யாரோ ஒரு நோயாளிக்காக அப்படி அழ மாட்டாள். கேட்கிற யாருக்கும் அது புருஷனைப் பறிகொடுத்தவளின் அழுகை என்று தெரிந்துவிடும். அவளுக்கு இனி இந்த உலகத்தில் இருப்பது பக்கத்து அறையில் ஒரு பாய் மட்டும்தான்; பொய் சொல்லிச் சேர்ந்தவள் என்று தெரிந்தால் அதுவும் போய்விடும்.

நான் எழுந்து தொட்டிக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். தகரத் தொட்டியில் தண்ணீர் இடி மாதிரி விழுந்தது. அவள் அந்த இரைச்சலுக்குள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

மருந்து அறை ஜன்னலிலிருந்து மேட்ரனம்மாவின் குரல் வந்தது. "யாரது, தண்ணிய இப்படித் தொறந்து விட்டிருக்கிறது?"

"நான்தாம்மா" என்றேன். குழாயை மூடவில்லை.